நான்கு சக்கரமும் இழுக்கிறதா?

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூரிலிருந்து புறப்பட்டு, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போடிமெட்டைத் தாண்டி, ஏலத் தோட்டங்களுக்குக் கூலியாட்களைக் கொண்டு சேர்க்கும் ஜீப்புகளையும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சாலை என்று சொல்லத் தகாத கற்குவியல்மேல் பிரயாணிகளைக் குலுக்கியபடி ஏறும் ஜீப்புகளையும் பார்த்தவர்களுக்கு, இப்படியொரு வண்டி நமக்கும் இருந்தால் என்ன என்ற ஆசை ஒரு தரமாவது எழாமல் இருந்திராது. ஆசையில் குற்றமில்லை. புது வண்டியின் விலையைக் கேட்டுத் திகைத்துப் பழைய வண்டியைத் தேடிப் புறப்படுவதிலும் குற்றமில்லை. ஆனால் பழைய கார் வாங்குவதற்கும், நான்கு சக்கரங்களும் இழுக்கும் பழைய டீசல் வண்டி வாங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை உணராமல், காரைப் பார்க்கும் கண்ணோடு ஜீப்பைப் பார்க்கப் போகிறவர்களில் அநேகர், பெயின்டின் பளபளப்பையும் டயரின் அகலத்தையும் கண்டு மயங்கி, வண்டிக்கு அடியில் ஒரு தடவைகூடக் குனிந்து பாராமல் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

இத்தகைய வண்டிக்கு நாம் அதிகப்படியாகக் கொடுக்கும் விலை எதற்கு என்பதை முதலில் யோசிக்கவேண்டும். எஞ்சினும் கியர் பெட்டியும் பின் அச்சும் எல்லா வண்டியிலும் உண்டு. கியர் பெட்டிக்குப் பின்னால் உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ், அதிலிருந்து முன்னோக்கிச் செல்லும், ஜாயிண்ட் எனப்படும் தண்டு, முன் அச்சின் கூடாகிய முன் ஹவுசிங், அதற்குள் இருக்கும் கிரவுனும் பினியனும் ஆகிய இந்தச் சில உறுப்புகளுக்காகவே அந்த அதிகப்படி ரூபாய். விசித்திரம் என்னவென்றால், பெரும்பாலான சொந்தக்காரர்கள் இவற்றை உபயோகிப்பதே இல்லை. உபயோகிக்காத இயந்திரம் புதிதாகவே இருக்கும் என்று நினைப்பது தவறு. வருஷக்கணக்கில் திறக்கப்படாத பூட்டைப் போல அதுவும் உள்ளுக்குள் இறுகிப்போகிறது. ஒரு புறம் மலையில் ஓயாமல் அடிபட்டுத் தேய்ந்த வண்டி, மறு புறம் பட்டணத்தில் ஃபோர் வீல் லீவரைத் தொடாமலே பத்து வருஷம் ஓட்டப்பட்ட வண்டி. இவ்விரண்டில் முன்னதன் குறைகள் வெளிப்படையாகத் தெரியும். பின்னதன் குறைகளோ நாம் வாங்கி, முதல் சேற்றில் இறக்கிய பிறகுதான் தெரியும். என் அபிப்பிராயத்தில் பின்னதே அதிக ஜாக்கிரதைக்கு உரியது.

நம் நாட்டில் இந்தச் சந்தையின் பெரும் பகுதி மகிந்திராவினுடையது. சுதந்திரம் வந்த காலத்தில் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்கத் தொடங்கிய அந்த நிறுவனம், பெட்ரோல் எஞ்சினைக் கைவிட்டு டீசலுக்கு மாறியபோது, டிராக்டருக்கென்று பிறந்த இன்டர்நேஷனல் எஞ்சினையும், பிறகு 2,112 சி.சி. கொண்ட பிஜோ எஞ்சினையும், அதற்கும் பிறகு 2,523 சி.சி. டி.ஐ. எஞ்சினையும் ஜீப்புகளில் பொருத்தியது. 2010-ல் வந்த தார், டி.ஐ. என்றும் சி.ஆர்.டி.இ. என்றும் இரு வகையாக விற்கப்பட்டது. 2020 அக்டோபரில் வந்த புதுத் தார் முற்றிலும் வேறு வண்டி. இந்தச் சரித்திரம் வாங்குகிறவனுக்கு ஏன் தேவை என்றால், ஜீப்பின் உருவம் இருப்பதெல்லாம் நான்கு சக்கர இழுவை அல்ல. கமாண்டர், மேஜர், தார் டி.ஐ. ஆகிய மாடல்கள் எல்லாவற்றிலும் பின் சக்கரம் மாத்திரம் இழுக்கும் வண்டிகள் ஏராளமாக வெளிவந்திருக்கின்றன; புதுத் தாரிலும் 2023 முதல் அவ்வகை உண்டு. ஆர்.சி. புக்கில் மாடலின் பெயர் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதும், குனிந்து முன் ஹவுசிங்கின் நடுவில் கிரவுனை மூடிய குண்டு இருக்கிறதா என்று பார்ப்பதும் ஒரு நிமிஷ வேலை. குண்டு இருந்து, அதற்கு வரவேண்டிய ஜாயிண்ட் இல்லாமல் இருப்பதும் உண்டு. சத்தம் குறையும், டீசல் மிச்சமாகும் என்று சொல்லி முன் ஜாயிண்டைக் கழற்றி வீட்டு மூலையில் போட்டுவைக்கும் வழக்கம் நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது. அந்த மூலையிலிருந்து அது பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தால், விற்கிறவர் அதைப்பற்றிப் பேச்செடுக்கமாட்டார்.

வண்டியைப் பார்க்கக் காலையில் போகவேண்டும். போவதற்கு முன் ஸ்டார்ட் செய்யவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவும் வேண்டும். போனவுடன் பானெட்டின்மேல் கையை வைத்துப் பார்த்தால், நம் வேண்டுகோள் மதிக்கப்பட்டதா என்பது தெரிந்துவிடும். சூடேறிய டீசல் எஞ்சின் தன் குறைகளை மறைத்துக்கொள்ளும். குளிர்ந்த எஞ்சின் மறைக்காது. பழைய பிஜோ வகைக்கு ஹீட்டர் பிளக் சூடாகும் வரையில் காத்திருந்து சாவியைத் திருப்பவேண்டும், டி.ஐ. எஞ்சினோ அந்த உபசாரத்தை எதிர்பாராமலே கிளம்பவேண்டும். வெகுநேரம் சுழற்றிய பிறகு வெள்ளைப் புகையோடு இருமி எழுந்தால் கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம், அல்லது நாசில்கள் சரியாகத் தூவவில்லை. முதல் நிமிஷத்து வெள்ளைப் புகை பழைய வண்டிக்கு இயல்பு; சூடான பின்னும் அது நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கவேண்டும். நீலப் புகை எண்ணெய் எரிவதன் லக்ஷணம். கரும்புகை டீசல் அதிகமாகப் பாய்வதையோ காற்று போதாமல் போவதையோ காட்டுகிறது. அது ஏர் ஃபில்டரை மாற்றினாலே தீரும் அற்ப விஷயமாகவும் இருக்கலாம், பம்பையும் நாசிலையும் சர்வீஸுக்கு அனுப்பவேண்டிய செலவாகவும் இருக்கலாம்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, கவிழ்த்து வாயின்மேல் தளர்வாக வைத்துப் பார்க்கவேண்டும். நல்ல எஞ்சினில் மூடி இலேசாக அதிரும். பிஸ்டன் ரிங்குகளும் சிலிண்டர்களும் தேய்ந்த எஞ்சினில் புகை குபுகுபுவென்று வந்து மூடியையே தள்ளிவிடும். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது’ என்பார்கள். இதைக் கண்ட பிறகு விலை பேசுவதானால், எஞ்சின் வேலை முழுவதற்கும் ஆகும் செலவைக் கழித்துக்கொண்டு பேசவேண்டும். மீட்டர் எத்தனை கிலோமீட்டர் காட்டுகிறது என்பதைப் பார்த்து நான் ஒருபோதும் சந்தோஷப்படுவதில்லை; மீட்டரைத் திருத்துவது சுலபம், அதைக்காட்டிலும் கிளட்ச் மிதியின் ரப்பர் தேய்ந்திருக்கும் அளவு நம்பத்தக்க சாட்சி. எஞ்சின் அறை தண்ணீர் பீச்சிக் கழுவப்பட்டுப் பளபளத்தால், எங்கே எண்ணெய் கசிகிறது என்பதை நாம் அறியக்கூடாது என்று யாரோ விரும்பியிருக்கிறார்கள் என்றே கொள்ளலாம்.

சி.ஆர்.டி.இ. போன்ற காமன் ரெயில் எஞ்சின்களின் கதை வேறு. பழைய பம்பு, கலப்பட டீசலையும் மண்ணெண்ணெயையும்கூட ஓரளவு பொறுத்துக்கொண்டது. காமன் ரெயிலின் இன்ஜெக்டர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவை தேய்ந்தால், சிலிண்டருக்குப் போகவேண்டிய டீசலில் ஒரு பங்கு திரும்பும் குழாய் வழியே டாங்கிக்கே போய்விடும். காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் எவ்வளவு திரும்புகிறது என்று சிறு குப்பிகளில் பிடித்து அளக்கும் ரிட்டர்ன் டெஸ்டைச் செய்துபார்க்காமலும், ஸ்கேனரைச் சொருகிப் பழைய கோளாறுகள் என்னென்ன பதிவாகியிருக்கின்றன என்று பாராமலும் இவ்வகை வண்டியை வாங்குவது துணிச்சல். 2020 ஏப்ரலுக்குப் பிந்திய பி.எஸ். 6 வண்டியானால், புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி ஒன்று சேர்ந்துகொள்கிறது. நெடுஞ்சாலையையே காணாமல் பட்டணத் தெருக்களில் மட்டும் ஊர்ந்த வண்டியில் அது அடைபட்டுக்கொள்ளும் சுபாவமுடையது.

இனிக் கீழே போவோம். பழைய சட்டை ஒன்றை அணிந்துகொண்டு, ஒரு டார்ச்சோடு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுக்கத் தயாரில்லாதவர் இந்த வியாபாரத்தில் இறங்காமல் இருப்பது நலம். சேசிஸ் சட்டத்தில், ஸ்டியரிங் பாக்ஸ் பொருத்தப்பட்ட இடத்தைச் சுற்றியும், ஸ்பிரிங் பட்டைகள் தொங்கும் ஷேக்கிள்களின் அருகிலும் விரிசல் இருக்கிறதா, வெல்டிங் வைத்து அதன்மேல் கறுப்புப் பெயின்ட் பூசப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவேண்டும். அடிப்புறம் முழுவதும் புதிதாகக் கறுப்பு பூசப்பட்டிருந்தால், அதன் அடியில் இருப்பதை ஒரு ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டிக் கேட்கவேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், துரு தின்ற இரும்பு மொத்தென்று சொல்லும். மீன்பிடித் துறைகளிலும் உப்பளங்களிலும் உழைத்த வண்டி, மலையில் உழைத்த வண்டியைவிட மோசமாகத் துருப்பிடித்திருக்கும். பட்டைகளில் ஒன்று உடைந்திருப்பதும், யூ போல்ட் தளர்ந்திருப்பதும் சிறு செலவுகள். அவற்றைக் கண்டு பயப்படவேண்டாம், விலையில் கழித்துக்கொண்டால் போதும்.

பின் ஹவுசிங்கிலும் முன் ஹவுசிங்கிலும் எண்ணெய் ஊற்றும் நட்டைக் கழற்றச் செய்து, உள்ளே விரலை விட்டு எண்ணெயைத் தொட்டுப் பார்ப்பது, பலர் கேட்கக் கூச்சப்படும் பரிசோதனை. எண்ணெய் வெளுத்துக் குழம்பியிருந்தால், ஆற்றிலோ வெள்ளத்திலோ வண்டி நின்றபோது மூச்சுக் குழாய் வழியே தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. விரலில் இரும்புத் தூள் மினுமினுத்தால் கிரவுனோ பேரிங்கோ தேய்ந்துகொண்டிருக்கிறது. முன் ஹவுசிங்கில் எண்ணெயே இல்லாமல் வறண்டிருப்பதையும் காணலாம், அங்கே ஒன்று இருக்கிறது என்பதையே மறந்த சொந்தக்காரர்கள் உண்டு. 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய வண்டிகள் வெளியூர்களில் விலைபோன கதையை அறிந்தவர்கள், சீட் பெல்டைக் கடைசி வரையில் இழுத்து, அதில் தண்ணீர் நின்ற கோடு தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமான பரீட்சை, முன் சக்கரங்கள் உண்மையில் இழுக்கின்றனவா என்பது. லீவரைத் தள்ளிக் காட்டுவதும், டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரிவதும் நிரூபணமாகா. சமதரையில் வண்டியை நிறுத்திப் பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கற்களை முட்டுக் கொடுத்து, எஞ்சினை அணைத்து, ஒரு முன் சக்கரத்தை மாத்திரம் ஜாக்கியால் தூக்கவேண்டும். முன் சக்கரங்களில் கையால் திருப்பும் ஹப்புகள் இருந்தால், இரண்டையும் பூட்டிக்கொள்ளவேண்டும். டிரான்ஸ்ஃபர் லீவர் இரு சக்கர நிலையில் இருக்கும்போது, தூக்கிய சக்கரம் கையால் சுழற்றச் சுழலும். முன் ஜாயிண்டும் அதனோடு சுழல்வதைக் குனிந்து பார்க்கலாம். இப்போது முதல் கியரையும் நான்கு சக்கர நிலையையும் போட்டுவிட்டு, மறுபடி சக்கரத்தைச் சுழற்றினால், அது சிறிது அசைந்து டக்கென்று நின்றுவிடவேண்டும். நிற்காமல் தாராளமாகச் சுழன்றால், ஹப்போ, ஆக்ஸிலோ, கிரவுனோ, லீவரின் முனையில் உள்ள கவையோ எங்கோ ஓரிடத்தில் தொடர்பு அறுந்துபோயிருக்கிறது. நிற்பதற்கு முன் எவ்வளவு தூரம் அசைந்தது என்பதும் கவனிக்கத்தக்கது; ஜாயிண்டின் கிராஸ் முதல் கிரவுன் வரையிலான தேய்மானங்களின் மொத்தக் கூட்டுத்தொகையே அந்த அசைவு. ஐந்து நிமிஷத்தில் ஒரு ஜாக்கியைக்கொண்டு செய்யக்கூடிய இந்தப் பரீட்சைக்கு விற்கிறவர் சம்மதிக்காவிட்டால், அதுவும் ஒரு பதில்தான்.

இதில் ஒரு விலக்கு உண்டு. 2009-ல் இங்கே வந்த முதல் தலைமுறை ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகளில், நான்கு சக்கரமும் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் இருப்பதால், தார்ச் சாலையில் திரும்புவதும் அவற்றுக்கு எளிது. நம் ஜீப்புகளிலும் தாரிலும் அந்த நடு டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போகவேண்டியிருக்கிறது. மண்ணிலும் சேற்றிலும் டயர் சிறிது வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தார்ச் சாலையில் வழுக்க இடமில்லாமல் முறுக்கு முழுவதும் ஜாயிண்டிலும் கிரவுனிலும் ஏறும். ஆகவே விற்கிறவர் தம் வண்டியின் பெருமையைக் காட்டத் தார்ச் சாலையிலேயே ஃபோர் வீலைப் போட்டு வட்டமடித்துக் காட்டினால், இத்தனை வருஷமும் இவர் வண்டியை எப்படி ஓட்டியிருப்பார் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். நான்கு டயர்களும் ஒரே அளவாகவும் ஏறக்குறைய ஒரே தேய்மானமாகவும் இல்லாவிட்டாலும் இதே கேடு விளையும். முன்னால் இரண்டு பழைய டயரும் பின்னால் இரண்டு புது டயருமாக நிற்கும் வண்டியைப் பார்த்தால் அதை நினைத்துக்கொள்ளவேண்டும். ஸ்கார்ப்பியோ, சஃபாரி போன்றவற்றில் லீவருக்குப் பதில் ஸ்விட்சும் ஒரு சிறு மோட்டாரும் வந்துவிட்டன. உபயோகமின்றி இறுகும் வியாதி லீவரைவிட அந்த மோட்டாருக்கே அதிகம்.

அடுத்து லோ கியர். வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து அந்தக் கியரைப் போட்டால், வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைந்து, இழுவை அதே அளவு கூடுகிறது. மண் ஏற்றமொன்றில் ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே வண்டி நடை போடவேண்டும். ஆனால் தேய்ந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் ஏற்றத்தில் பிடிபடாது. அது இறக்கத்தில்தான் பிடிபடும். செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விட்டால், பல் தேய்ந்த கியர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடும். மலைச் சாலையில் அந்தத் துள்ளலுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லவேண்டியதில்லை. சமசாலையில் ஓட்டும்போது ஆக்ஸிலேட்டரைக் கொடுக்கையில் ஒரு ஊளையும், விடுகையில் வேறொரு ஊளையும் கேட்டால், அது கிரவுன்-பினியனின் குரல்.

முன் அச்சு ஒரே தண்டாக அமைந்த பழைய ஜீப்புகளில், முன் சக்கரத்தைத் தூக்கியபோதே மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கவேண்டும். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டவேண்டும். ஆட்டம் மறைந்தால் சக்கர பேரிங், மறையாவிட்டால் கிங்பின். குண்டும் குழியுமான சாலையில் ஸ்டியரிங் கையைவிட்டுப் பறித்துக்கொள்ளும் அந்தப் பிரசித்தமான நடுக்கத்துக்குக் கிங்பின்னே பெரும்பாலும் காரணம்; டயரை மாற்றிப் பார், பேலன்ஸ் செய்துபார் என்று சொல்லும் உபதேசங்களால் அது தீராது.

உயர்த்திய பட்டைகளும், மேலே விளக்கு வரிசையும், மலைபோன்ற டயர்களுமாக அலங்கரிக்கப்பட்ட வண்டிகளிடம் எனக்கு நம்பிக்கை குறைவு. இதை என் தனிப்பட்ட ருசி என்று வேண்டுமானாலும் ஒதுக்கிவிடலாம். பெரிய டயர் வந்தால் கியர் விகிதம் கெடுகிறது, முன் ஆக்ஸில் தன் சக்திக்கு மீறி உழைக்கிறது, பிரேக் போதாமல் போகிறது. அது போகட்டும், சட்டத்தை ஒதுக்கமுடியாது. தயாரித்தவர் கொடுத்த மூல அமைப்பை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை விளக்கி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஹரியானாவின் மண்டி டப்வாலியில் பல வண்டிகளின் உறுப்புகளைச் சேர்த்துப் பூட்டி, லாரியில் ஏற்றித் தேசமெங்கும் அனுப்பப்படும் ஜீப்புகள் கண்ணுக்கு மிக அழகானவை. அவற்றின் சேசிஸ் ஒரு வருஷத்தையும் எஞ்சின் வேறொரு வருஷத்தையும் ஆர்.சி. மூன்றாவது வண்டியையும் சேர்ந்ததாக இருக்கக்கூடும். சேசிஸ் எண் பொறித்த இடத்தைத் துடைத்து, அதன்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து, ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடும் பழைய சம்பிரதாயத்தை யாரும் கைவிடக்கூடாது. எஞ்சின் எண்ணையும் அப்படியே பார்த்து, எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று கேட்கவேண்டும்.

டில்லியில் பத்து வருஷம் கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்த பிறகு, அங்கிருந்து பெரிய டீசல் வண்டிகள் மலிவாகத் தெற்கே வரத் தொடங்கின. உத்தரவுகள் பின்னர் மாறி வந்திருந்தாலும் வியாபாரம் நின்றபாடில்லை. அவ்விலையைக் கேட்டு மகிழ்கிறவர்கள், 28-ஆம் எண் படிவமாகிய என்.ஓ.சி., இங்கே புதிதாகக் கட்டவேண்டிய ஆயுள் வரி, மறுபதிவுக்கு ஆகும் அலைச்சல் ஆகியவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கவேண்டும். உள்ளூர் வண்டியானால் 29, 30 ஆகிய படிவங்களில் கையெழுத்தும், கடனில் வாங்கிய வண்டியானால் 35-ஆம் படிவமும் பாங்கின் கடிதமும் கைக்கு வராமல் முழுத் தொகையையும் கொடுக்கக்கூடாது. பதினைந்து வருஷம் முடியும் தறுவாயில் உள்ள வண்டியை விற்கிறவர், எஃப்.சி. காட்டி மறுபதிவு செய்யும் பொறுப்பையும் பசுமை வரியையும் நம் தலையில் வைத்துவிட்டுப் போகிறார்; விலையில் அது தெரியவேண்டும். டி போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாற்றப்பட்ட வண்டி கூலிக்கு உழைத்த வண்டி என்பதும் நினைவில் இருக்கட்டும். ஆனால் அதற்காகவே அதை நிராகரிக்கமாட்டேன். கொழுக்குமலை டிரைவர் ஒருவர் தினமும் லோ கியர் போட்டு ஓட்டிப் பிழைத்த ஜீப்பின் முன் ஹவுசிங், வீட்டு வாசலில் நிறுத்தி அழகு பார்க்கப்பட்ட ஜீப்பினுடையதைவிட ஆரோக்கியமாக இருப்பதுண்டு.

இவ்வளவும் பார்த்து, கூட ஒரு மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டு போய் வண்டியை வாங்கியவர், வீட்டுக்குக் கொண்டுவந்த வாரத்திலேயே எஞ்சின், கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஹவுசிங், பின் ஹவுசிங் ஆகிய ஐந்து இடங்களிலும் எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் ஊற்றவேண்டும். டீசல் ஃபில்டரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றி, கிராஸ்களுக்கெல்லாம் கிரீஸ் அடிக்கவேண்டும். அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவையாவது, ஆற்றுமணலோ உழுத புன்செய்யோ கிடைத்த இடத்தில் ஃபோர் வீலைப் போட்டு, ஒரு கிலோமீட்டர் தூரமாவது ஓட்டி வரவேண்டும்.